சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமத்துக்குக் குடிபெயர்தல்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீட்டில் வாழ்ந்த நானும் என் மனைவியும் மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் நான்காம் ஆண்டாகக் குடியிருக்கிறோம். எங்களுக்குப் பிறகு உறவினரும் நண்பருமாக ஐந்து குடும்பங்கள் இதே வழியில் வந்தன; அவற்றுள் இரண்டு திரும்பிப் போய்விட்டன. அவர்களுக்குப் பணம் போதாமல் போகவில்லை. சிங்கப்பூர் வீட்டை விற்றார்கள், அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த ஊரில் குடியிருந்து பார்த்தார்கள்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றிச் சொல்கிறது. முதலில் வாடகைக்குக் குடியிருங்கள், பிறகு நிலத்தைப் பாருங்கள், சிங்கப்பூர் வீட்டைக் கடைசியில் தொடுங்கள். முதல் ஆவணத்தைத் தேடத் தொடங்குவதிலிருந்து நிலையாகக் குடியமர்வது வரை இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொண்டால் எந்தப் படியையும் அவசரத்தில் தாண்ட நேராது.

1. உங்கள் குடியுரிமை நிலையைக் கொண்டு தொடங்குங்கள்

பின்வரும் படிகள் அனைத்தும் நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகனா, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசியா என்பதைப் பொறுத்து மாறும். பக்கத்து வீட்டுக்காரர் செய்ததை அப்படியே செய்யும்போது ஏற்படும் பிழைகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது; இந்தியாவில் சுற்றுலா விசாவில் குடியிருக்கவும் முடியாது. ஆகவே இந்திய வம்சாவளியினர் முதலில் பெற வேண்டியது, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் இந்தியாவில் தங்க வழி செய்யும் ஓசிஐ அட்டை. அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும். எவ்வளவு காலம் தங்கினாலும் காவல்துறையில் பதிவு செய்யத் தேவையில்லை. பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி ஆகியோருள் ஒருவரது இந்தியத் தொடர்பை நிறுவினால் போதும். ஆனால் அதற்கான பழைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, நிலப் பத்திரம் போன்றவை பல குடும்பங்களில் யாருடைய அலமாரியில் இருக்கின்றன என்றே தெரிவதில்லை. இந்தியக் குடியுரிமையைத் துறந்து சிங்கப்பூர்க் குடிமகனானவர் பழைய இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்ததற்கான சான்றையும் காட்ட வேண்டும். வாழ்க்கைத் துணை இந்திய வம்சாவளியினர் அல்லர் என்றால், பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டு ஆண்டுகள் நிறைந்த பிறகே அவர் விண்ணப்பிக்கலாம்.

நிரந்தரவாசிகளுக்கு இந்தியாவில் தங்குவதில் சிக்கல் இல்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது சிங்கப்பூர்ப் பக்கத்தை. மறுநுழைவு அனுமதி காலாவதியான பின்னும் வெளிநாட்டிலேயே இருப்பது நிரந்தரவாசத்தை இழப்பதில் கொண்டுபோய் விடும். நிரந்தரவாசத்தைத் துறந்து நிலையாக வெளியேறுகிறவர் மத்திய சேம நிதி (மசேநி) முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கேட்டவுடன் அதையே முதல் வேலையாகச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துறந்தால் திரும்பி வரும் கதவு அடைந்துவிடும். கிராமத்தில் ஓராண்டாவது கழித்த பிறகே அந்த முடிவை எடுங்கள்.

2. பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

சிறிய வேலை, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். சிங்கப்பூர் அடையாள அட்டையில் தந்தை பெயர் பின்னால் முழுதாக வருகிறது. ஊர்ப் பத்திரத்தில் அதுவே முன்னெழுத்தாக நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தாலும் வங்கியும் சார்பதிவாளர் அலுவலகமும் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்குச் சான்று கேட்கும். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று, பழைய கடவுச்சீட்டுகள் அனைத்தையும் ஒரே மேசையில் பரப்பி, எங்கெல்லாம் பெயர் வேறுபடுகிறது என்று எழுதிக்கொண்டு, சிங்கப்பூரில் இருக்கும்போதே சத்தியப் பிரமாணப் பத்திரம் எடுத்து வையுங்கள்.

இந்திய வருமான வரி எண்ணுக்கான பான் அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கும் சொத்துப் பதிவும் நகராது. இந்திய அடையாள எண்ணான ஆதாரைப் பொறுத்தவரை, ஓசிஐ அட்டைதாரர் முந்தைய 12 மாதங்களில் 182 நாட்களாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். ஆகவே முதல் அரை ஆண்டுக்கு ஆதார் இல்லாமலே ஒவ்வொரு காரியத்தையும் நடத்த வேண்டியிருக்கும். அதற்கேற்ப அடையாள ஆவணங்களின் சான்றளித்த நகல்களைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

3. இரண்டு ஊர்ச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கிராமத்துச் செலவு குறைவு என்பது உண்மைதான். நாங்கள் முதலில் இருந்த வீட்டின் வாடகை 7,000 ரூபாய். வீடுகளுக்கான மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் தமிழ்நாட்டில் இலவசம். ஆனால் கணக்கைப் பிழையாக்குவது அரிசி, பருப்பின் விலை அன்று. சிங்கப்பூரில் தொடரும் காப்பீட்டுச் சந்தா, அங்கே நிறுத்தாமல் வைத்திருக்கும் தொலைபேசி எண், ஆண்டுக்கு இரண்டு முறை பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் விமானக் கட்டணம், ஊரில் மொய், கோயில் திருவிழாவுக்குக் குடும்பந்தோறும் வாங்கும் தலைக்கட்டு வரி, உறவினர் கேட்கும் கைமாற்று ஆகியவைதான் கணக்கில் எழுதப்படாமல் போகின்றன.

கைமாற்றைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் பணம் இருக்கும் என்று ஊர் எதிர்பார்ப்பது இயல்பு. அதில் தவறு காண்பதற்கில்லை. திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகை ஆண்டுக்கு எவ்வளவு என்று கணவனும் மனைவியும் முன்பே பேசி முடிவு செய்துவிட்டால், கேட்கிறவரிடம் அன்போடு இல்லை என்று சொல்வதும் எளிதாகிறது.

வருமானப் பக்கத்தில், வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பணம் தரும் மசேநி லைஃப் திட்டத்தின் தொகை 65 வயதில்தான் தொடங்குகிறது. 55இல் எடுக்க முடிவது பொதுவாக, ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கி வைக்க வேண்டிய முழு ஓய்வுக்காலத் தொகைக்கு மேற்பட்டது (அது இல்லாவிட்டாலும் 5,000 வெள்ளி வரை) மட்டுமே. 2026இல் 55 வயதை எட்டுகிறவர்களுக்கு அந்தத் தொகை 220,400 வெள்ளி. ஆகவே 55க்கும் 65க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளை எதைக் கொண்டு ஓட்டுவது என்ற கேள்விக்கு விடை எழுதாத தாள் நிறைவுபெற்ற கணக்கு ஆகாது.

4. மருத்துவக் காப்பீட்டை மற்ற எல்லாவற்றுக்கும் முன் எடுங்கள்

சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் அங்குள்ள மருத்துவமனைக் கட்டணத்துக்கானது; தஞ்சாவூரிலோ திருச்சியிலோ படுத்தால் அதை நம்ப முடியாது. இந்தியத் தனிநபர் மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் 62 வயதில் குடிபெயர்ந்த பின் காப்பீடு எடுத்தால், 65 வரை அவற்றால் வரும் செலவைத் தாமே ஏற்க வேண்டியிருக்கலாம். இந்தக் காத்திருப்பு, காப்பீடு தொடங்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதால், போகும் நாளுக்குக் காத்திராமல் முடிந்தவரை முன்கூட்டியே எடுங்கள். விண்ணப்பத்தில் நோயை மறைப்பது பிற்பாடு கோரிக்கை நிராகரிக்கப்படுவதற்கே வழி செய்யும்.

5. ஊரைத் தேர்ந்தெடுங்கள்: மருத்துவமனையிலிருந்து பின்னோக்கி அளந்து

பெரும்பாலோர் பூர்வீக ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் என்று சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வேர் உள்ள ஊர்கள் பல. வேர் உள்ள ஊரில் அறிமுகம் இருக்கும், ஆளுதவி கிடைக்கும். அந்த நன்மையை மறுக்கவில்லை. ஆனால் 24 மணி நேரமும் இதய சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்பதை வண்டியில் சென்றே அளந்து பாருங்கள். வரைபடம் காட்டும் நேரத்துக்கும், மழையில் கிராமச் சாலையில் ஆகும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நானே அளந்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த ஊரை விட்டுவிட்டு, பக்கத்துச் சிறு நகரத்தின் ஓரத்தில் பாருங்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, கும்பகோணம் போன்ற ஊர்களின் விளிம்பில் கிராமத்து வாழ்வும் மருந்துக்கடையும் ஒருசேரக் கிடைக்கின்றன.

அடுத்து விமான நிலையம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது மிகப் பெரிய வசதி. அதன் பிறகு தண்ணீர். டெல்டாவின் கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு நீர் வருவது வழக்கமாகையால், அக்கம்பக்கத்து மூன்று வீடுகளில் கோடையில் என்ன நீர் வருகிறது என்று கேட்டு, குடித்தும் பாருங்கள்.

6. ஓராண்டு வாடகைக்கு இருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போக விரும்புகிறார்கள். விடுமுறைக்கு வந்த பதினைந்து நாட்களை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார்கள். அந்தப் பதினைந்து நாட்களும் பெரும்பாலும் பொங்கலையொட்டிய தை மாதமாக இருக்கும். அப்போது வெயில் இல்லை, மழை இல்லை, உறவினர் எல்லாரும் ஊரில் இருக்கிறார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையும், மே மாதக் கத்திரி வெயிலையும் அந்த ஊரிலேயே கழிப்பதுதான் சோதனை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அப்படியொரு வாரத்தை எப்படிக் கழிப்பீர்கள் என்பதைப் பழைய குடிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்பதைச் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். நிலம் வாங்கும்போது அந்த உயரம்தான் உங்கள் அடித்தளத்தின் அளவு.

கிராமத்தில் வாடகை வீடு விளம்பரத்தில் வராது. பூட்டிக் கிடக்கும் வெளியூர்க்காரர் வீடு எது என்று தேநீர்க் கடையில் விசாரித்தால் கிடைக்கும். உறவினர் வீட்டு மாடியில் இலவசமாகத் தங்குவதைத் தவிர்ப்பது நல்லது. வாடகை கொடுத்துத் தனியாகச் சமைத்து வாழ்ந்தால்தான் உண்மைச் செலவும், உங்கள் இருவருக்குள் யாருக்கு அந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை என்பதும் தெரியவரும். திரும்பிப் போன இரண்டு குடும்பங்களிலும் ஊரை விரும்பியவர் கணவர். நாள் முழுவதும் வீட்டில் பேச ஆளின்றி இருந்தவர் மனைவி. அதை முன்கூட்டி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

7. நிலம்: இங்கே ஒருபோதும் அவசரப்படாதீர்கள்

முதலில் சிங்கப்பூர்ப் பக்கத்து விதி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிவதற்குள் தனியார் குடியிருப்புச் சொத்து எதையும், வெளிநாட்டில் உள்ளதையும் சேர்த்து, வாங்கக் கூடாது. நிரந்தரவாசிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் கழகத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுங்கள்.

அடுத்து இந்திய விதி. ஓசிஐ அட்டைதாரரும் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அன்பளிப்பாகக்கூடப் பெற முடியாது. தரகர் ‘மனை’ என்று காட்டும் இடம் பட்டாவில் நன்செய் என்று இருந்தால் அது விவசாய நிலம்தான். பதிவு நடந்துவிட்டது என்பதால் மீறல் மறைந்துவிடாது; அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ‘தம்பி பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணே’ என்று சொல்வார்கள். அது பினாமிச் சட்டத்தின் கீழ் சொத்துப் பறிமுதலுக்கும் ஏழாண்டு வரை சிறைக்கும் வழி செய்யக்கூடியது. தம்பி நல்லவராக இருந்தாலும் அவருக்குப் பின் அவர் பிள்ளைகளோடு வழக்கு வரும்.

சரிபார்க்கும் வரிசை இது. பட்டாவையும் வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டையும் பார்த்து நிலத்தின் வகையை உறுதி செய்யுங்கள். புறம்போக்கு, அதாவது அரசு நிலம், என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அளவு வரைபடமான புலப்படத்தை வைத்து நில அளவரைக் கொண்டு எல்லையை அளந்து கல் நடுங்கள். தாய்ப் பத்திரம் தொடங்கி இன்றுவரை பத்திரங்கள் விட்டுப்போகாமல் வருகின்றனவா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் எடுங்கள். 1975 முதலான பதிவுகள் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கின்றன. மனைப்பிரிவாக இருந்தால் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள், 20.10.2016க்குப் பின் அனுமதியின்றிப் பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்திலும் சேர்க்க முடியாது. இத்தனையும் முடிந்த பிறகுதான் விலை பேச வேண்டும், ஏனென்றால் முன்பணம் கொடுத்தவர் குறையைக் கண்டாலும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

அளவுகளில் ஏமாறாதீர்கள். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. டெல்டாவில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. அதாவது ஒரு மா ஏறக்குறைய 33 செண்ட். விற்பவர் குழியில் சொல்வதையும் பத்திரத்தில் செண்டில் எழுதியிருப்பதையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். பதிவின்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு ஆகும். அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி, வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான சான்றைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் விற்றுத் திருப்பி எடுத்துச் செல்ல அதைத்தான் கேட்பார்கள்.

பூர்வீக வீட்டில் குடியேறுகிறவர்களுக்கு நிலம் வாங்கும் வேலை இல்லை, ஆனால் பங்காளி வேலை இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் பெற்று, பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவாகும் வரை அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். கட்டிக்கொடுத்த சகோதரிகளின் கையெழுத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அதில் விற்கும் அதிகாரம் கொடுக்கத் தேவையில்லை. எந்தக் காரியத்துக்காகவோ அதை மட்டும் எழுதுங்கள்.

8. வீட்டைச் சிறியதாகக் கட்டுங்கள்

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையம் வழியே அனுமதி கிடைக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய வீடு இருவருக்குத் தேவையா? பெருக்கித் துடைக்கவே ஆள் வைக்க வேண்டும். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, வழுக்காத தரையுள்ள குளியலறை, சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவுகள், இன்வெர்ட்டர், மழைநீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு முதலில் செலவழியுங்கள். மேஸ்திரிக்குக் கட்டட நிலையைப் பார்த்துத் தவணையாகப் பணம் கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத மாதங்களில் வேலை நடத்த வேண்டாம். எங்கள் கழிவுநீர்க் குழாய் சரிவு இல்லாமல் போடப்பட்டது நாங்கள் சிங்கப்பூரில் இருந்த மூன்று வாரத்தில்தான்.

9. வரி ஆண்டைப் பார்த்து நாளைக் குறியுங்கள்

இந்திய வரி ஆண்டு ஏப்ரல் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அந்த ஆண்டில் 182 நாட்கள் தங்கினால் நீங்கள் அங்கே வசிப்பவராகக் கருதப்படுவீர்கள். அந்த ஆண்டில் முன்பு வந்து தங்காதவர் அக்டோபர் இரண்டாவது வாரத்துக்குப் பின் போய்ச் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொடுவதில்லை. ஆனால் முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களாவது இந்தியாவில் இருந்தவர்களுக்குக் கணக்கு வேறு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வசிப்பவராக இல்லாதவர்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் வெளிநாட்டு வருமானத்தின் மீது சலுகை உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் தணிக்கையாளருக்குக் கட்டணம் கொடுக்கத் தயங்காதீர்கள். கடவுச்சீட்டு முத்திரைகளை வைத்து நாட்களை எண்ணி எடுத்துச் செல்லுங்கள்.

10. இப்போது சிங்கப்பூர் வீடு

ஓராண்டு வாழ்ந்து, ஊரும் உடலும் ஒத்துவந்த பிறகு இந்தக் கேள்விக்கு வாருங்கள். குடிமக்கள், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருந்தால், கழகத்தின் அனுமதியோடு முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். வீவக வீடுகளில் பிளஸ், பிரைம் என்னும் வகைகளுக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு ஒப்பந்தமும் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது என்பதால், அவர்களது சோதனை ஆண்டில் குடும்பத்தில் ஒருவர் சிங்கப்பூரில் தங்கியிருப்பதே பாதுகாப்பான வழி.

வாடகைத் தொகையை அப்படியே வருமானமாக எழுதிவிடாதீர்கள். உரிமையாளர் குடியிராத வீட்டுக்குச் சொத்து வரி 12 விழுக்காட்டில் தொடங்குகிறது. வரிக்காகச் சிங்கப்பூரில் வசிக்காதவர் என்று ஆனபின் நிகர வாடகைக்கு 24 விழுக்காடு வருமான வரி உண்டு.

விற்பதானால், வீட்டுக்காக எடுத்த மசேநி தொகை 2.5 விழுக்காடு வட்டியோடு முதலில் உங்கள் மசேநி கணக்குக்கே திரும்பும். 55 வயதுக்குப் பிறகு வீட்டை ஈடாகக் காட்டிப் பணம் எடுத்திருந்தால் அதுவும் ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும். விற்பனை விலையைப் பார்த்து நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கையில் வந்த தொகையைப் பார்த்துத் திகைத்த ஒருவருக்கு நாங்கள் கடன் கொடுக்க வேண்டியிருந்தது. விற்குமுன் கணக்கறிக்கையை எடுத்து, ரொக்கமாக வரக்கூடியது எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

11. கிளம்பும் மாதத்தில்

சிங்கப்பூர்த் தொலைபேசி எண்ணைத் துண்டிக்காதீர்கள். வங்கியும் அரசு அமைப்புகளும் கடவுச்சொல் அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான்; குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, ரோமிங் வேலை செய்கிறதா என்று முதல் பயணத்திலேயே சோதியுங்கள். அரசின் இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் செயலியைப் புதிய கைபேசிக்கு மாற்றுவதானால் சிங்கப்பூரில் இருக்கும்போதே மாற்றுங்கள். முகவரி மாற்றத்தை 28 நாட்களுக்குள் தெரிவியுங்கள். 13 வயது நிறைந்த மகன் உங்களோடு வருவதானால், மூன்று மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட தங்கலுக்குத் தேசிய சேவைக்கான வெளிநாடு செல்லும் அனுமதி தேவை. அதைப் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) உங்கள் மருத்துவ அறிக்கையின் நகலையும், உட்கொள்ளும் மருந்துகளின் வேதிப் பெயர்களை மருத்துவரிடம் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வணிகப் பெயர்கள் இரு நாட்டிலும் வேறு. மன்னார்குடி மருந்துக்கடைக்காரர் எங்களிடம் முதல் நாள் கேட்டது அந்தத் தாளைத்தான்.